சூடானதும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் பழைய கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பழைய கார் என்று சொல்வது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், ஸ்பார்க் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பெட்ரோல் வண்டியை. கடைசிக் கேள்விக்கு மட்டும் இது பொருந்தாது.

காலையில் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது, வழியெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வந்தால் மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது. நிறுத்திய பிறகு இன்ஜின் ஆறத்தானே செய்யும்?

ஆறும், ஆனால் உடனே ஆறாது. வண்டி ஓடும்போது தண்ணீர் சுற்றுகிறது, ஃபேன் காற்றை இழுக்கிறது, டேங்கிலிருந்து வரும் புதுப் பெட்ரோல் பம்பையும் கார்புரேட்டரையும் குளிர்வித்துக்கொண்டே போகிறது. சாவியை அணைத்ததும் மூன்றும் ஒன்றாக நின்றுவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் பிளாக்கிலும் இருக்கும் சூடு போக வழியில்லாமல் மேலே ஏறும். கார்புரேட்டர், பெட்ரோல் பம்ப், காயில் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்), செல்ஃப் மோட்டார் எல்லாம் ஓடும்போது இருந்ததைவிட நிறுத்திய பிறகுதான் அதிகம் சூடாகின்றன. நிறுத்தி 10 நிமிடத்திலிருந்து அரை மணி வரை இந்தச் சூடு உச்சத்தில் இருக்கும். இறங்கிய வேகத்தில் ஏறி அடித்தால் எடுக்கிற வண்டி, கால் மணி நேரம் கழித்து அடம்பிடிப்பதற்கும் இரண்டு மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல எடுப்பதற்கும் காரணம் இதுதான்.

யாரைக் கேட்டாலும் "ஏர் லாக்" என்கிறார்கள். அதுதானா?

இருக்கலாம். ஏர் லாக் என்பது பெட்ரோல் போகும் வழியில் ஆவி நிறைந்து பெட்ரோலை மறிப்பது. ஆனால் செய்யாத தப்புக்கெல்லாம் ஏர் லாக் பழி சுமக்கிறது என்பது என் கருத்து. "ஆறவிட்டேன், எடுத்துவிட்டது, அதனால் ஏர் லாக்தான்" என்ற வாதத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது. சூட்டில் படுத்துவிடும் காயிலும் ஆறினால் எழுந்துவிடும். கண்டென்சர் (டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சின்ன கெப்பாசிட்டர்), செல்ஃப் மோட்டார், எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூல் எல்லாமே அப்படித்தான். ஆறியதும் எடுத்தது என்பதை வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது.

இந்தக் கோளாறில் ஆளைச் சுற்றவிடும் விஷயமே அதுதான். வண்டியை ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போவதற்குள் ஆறிவிடுகிறது. மெக்கானிக் சாவியைத் திருப்புகிறார், எடுக்கிறது. பிறகு ஊகத்தில் காயில், அடுத்த வாரம் பம்ப், அதற்கடுத்து கார்புரேட்டர் கிட் என்று பார்ட் மாற்றும் படலம் தொடங்கும். கோளாறு இருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள், நிற்கும் இடத்திலேயே பார்த்துவிடுவதுதான் குறுக்கு வழி.

சரி, எடுக்காமல் நிற்கும் அந்த இடத்தில் எதை முதலில் பார்ப்பது?

வண்டியில் ஒரு ஸ்பார்க் டெஸ்டர், மல்டிமீட்டர், டார்ச், பிளக் ஸ்பேனர், நல்ல தீயணைப்பான் இவை இருந்தால் போதும். பார்க்க வேண்டிய வரிசை செல்ஃப், ஸ்பார்க், பெட்ரோல்.

முதலில் காதைத் தீட்டிக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். குளிர்ந்த வண்டியில் கேட்கும் அதே வேகத்தில் செல்ஃப் சுற்றுகிறதா? இழுத்து இழுத்துச் சுற்றினாலோ, "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றாலோ பெட்ரோல் பக்கமே போக வேண்டாம், கீழே செல்ஃப் பற்றிய கேள்விக்குப் போய்விடுங்கள்.

நன்றாகச் சுற்றினால் அடுத்தது ஸ்பார்க். ஒரு பிளக் வயரைக் கழற்றி, ஸ்பார்க் டெஸ்டரை அதில் மாட்டி, கார்புரேட்டரிலிருந்து தள்ளி நல்ல எர்த் கிடைக்கும் இடத்தில் கவ்வவிட்டு, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, "பட் பட்" என்று கேட்கும்படி குதித்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து, விட்டு விட்டு வந்தால் சந்தேகத்துக்குரியது. ஒன்றுமே இல்லையென்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பெட்ரோலுக்கு முன்னால் ஸ்பார்க்கைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு: சூடான கார்புரேட்டரைத் திறந்தால் ஆவி கிளம்பும், அந்த நேரத்தில் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

ஸ்பார்க் நன்றாக இருந்தால் சாவியை அணைத்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். டார்ச் அடித்து கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் ஒரு தடவை திறந்து மூடுங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் பவுலில், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தில், பெட்ரோல் இருக்கிறது. வறண்டு கிடந்தால் பவுல் காலி. த்ராட்டிலைத் தொடும் முன்பே உள்ளே ஈரமாக, நாஸிலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தால் வண்டி பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கிறது. எஸ்.யூ., ஸ்ட்ராம்பெர்க் வகைக் கார்புரேட்டர்களில் பீய்ச்சும் பம்ப் கிடையாது, அவற்றில் பவுல் மூடியைத் திறந்துதான் அளவைப் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் கை காட்டும்.

பவுல் காலியாக இருப்பதும் மூழ்கிக் கிடப்பதும் எதிரெதிர் ஆயிற்றே. இரண்டுக்கும் சூடு எப்படிக் காரணம்?

பெட்ரோலுக்கு ஒரே கொதிநிலை கிடையாது. அதிலுள்ள மிக லேசான பகுதி சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும், கனமான பகுதி 200 டிகிரி வரை தாங்கும். நிறுத்திய வண்டியின் கார்புரேட்டர் பவுல் 35 டிகிரியை மிகச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பவுலில் பெட்ரோல் கொதித்தால், குமிழ்கள் எழும்பி மெயின் நாஸில் வழியாகப் பெட்ரோலை, இன்ஜினுக்குக் கலவை போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் தள்ளும். நின்ற வண்டியில் பெட்ரோல் வாடை தூக்கும். அடிக்கும்போது கலவை எரிய முடியாத அளவுக்குக் கொழுத்திருக்கும். ஒருவழியாக எடுத்தால் சைலன்சரில் கரும்புகை வரும்.

ஏர் லாக் என்கிற ஆவியடைப்பு வேறு. அது பம்பிலோ பைப்பிலோ நடக்கிறது. இன்ஜினில் மாட்டிய மெக்கானிக்கல் பம்ப், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். பம்புக்குள் ஆவி நிறைந்ததும் டயாஃப்ரம் (பம்புக்குள் அசையும் சவ்வு) அந்த ஆவியையே அமுக்கி விரித்துக்கொண்டிருக்கும், திரவம் நகராது.

இரண்டும் ஒரே வண்டியில் அடுத்தடுத்து நடப்பதும் உண்டு, பலர் குழம்புவது அங்கேதான். பவுல் கொதித்து மேனிஃபோல்டை நனைத்துவிட்டுத் தானும் பாதி காலியாகிவிடுகிறது. வண்டி எப்படியோ எடுத்து நாலைந்து விநாடி குலுங்கி ஓடுகிறது. பம்பில் ஆவி இருப்பதால் பவுல் நிரம்பவில்லை, மறுபடி நின்றுவிடுகிறது. எடுத்தவுடன் நிற்கும் வண்டியைப் பார்த்து "ஸ்பார்க் பிரச்சினை" என்று முடிவு கட்டும் முன் இதை யோசியுங்கள்.

மூழ்கிய வண்டியை எப்படி எடுப்பது? ஆக்சிலரேட்டரைப் பலமுறை மிதித்துப் பார்த்தேன்.

ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே பீய்ச்சுகிறது. மெதுவாக ஒரே ஒரு தடவை முழுக்க மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். த்ராட்டில் முழுக்கத் திறந்திருந்தால் காற்று நிறையப் போய் அதிகப்படி ஈரத்தை வெளியே தள்ளும். 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், நடுவில் செல்ஃபுக்கு ஓய்வு கொடுங்கள். எடுத்த பிறகு மெதுவாகக் காலை விடுங்கள்.

சோக் (குளிரில் காற்றைக் குறைக்கும் தட்டு) முழுக்கத் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆட்டோ சோக் உள்ள வண்டியில் தட்டு பாதி மூடியபடி சிக்கியிருந்தால் சூட்டில் ஸ்டார்ட் செய்வது பெரும்பாடு. இது அடிக்கடி நடந்தால் பவுலில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட்டின் உயரத்தையும் நீடில் வால்வையும் பார்க்க வேண்டும். அளவு ஏற்கெனவே உயரமாக நிற்கும் பவுல், கொஞ்சம் கொதித்தாலே வழியும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

முன்பெல்லாம் இதே வண்டி இப்படிச் செய்ததில்லை. பெட்ரோல்தான் மாறிவிட்டதா?

மாறியிருக்கிறது. இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து, பல மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தத்தில் பெட்ரோல் சுலபத்தில் கொதிக்காது. ஆகவே பவுல் திறந்து கிடக்கும் கார்புரேட்டரின் கஷ்டத்தை மனதில் வைத்து யாரும் பெட்ரோல் தயாரிப்பதில்லை. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆனால் பெட்ரோலில் கலக்கும்போது அதன் லேசான பகுதிகளோடு சேர்ந்து சீக்கிரம் ஆவியாக வைக்கிறது. 10 சதவீதம் அளவிலான கலவையில் ஆவியழுத்தம் சுத்தப் பெட்ரோலைவிடக் கூடுதல். குளிர்காலத்துக்கென்று தனிக் கலவை விற்கும் நாடுகளில், அதை நிரப்பிக்கொண்டு திடீரென வரும் வெயில் நாளில் ஓட்டினால் வம்புதான்.

ஆனால் ஒன்று. பெட்ரோல் ஒரே நாளில் மாறாது. போன மாதம் வரை சரியாக இருந்த வண்டி இந்த மாதம் தொடங்கியிருந்தால், வண்டியில் ஏதோ மாறியிருக்கிறது. யாரோ சர்வீஸ் செய்யும்போது பெட்ரோல் பைப்பை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வளைத்துவிட்டிருக்கலாம். ஹீட் ஷீல்டு தகடு "தேவையில்லாதது" என்று கழற்றிப் போடப்பட்டிருக்கலாம். இன்ஜினே வழக்கத்தைவிடச் சூடாக ஓடலாம்.

பெட்ரோல் சூட்டுக்கு நிரந்தர வைத்தியம் என்ன?

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை: பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். கார்புரேட்டருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே முதலில் இருந்த பேக்கலைட் பேக்கிங், அதன் கீழே இருந்த தகடு இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில இன்ஜின்களில் குளிரில் மேனிஃபோல்டைச் சூடேற்ற எக்ஸாஸ்டில் ஒரு வால்வு இருக்கும். அது மூடியபடி துருப்பிடித்துச் சிக்கினால் கார்புரேட்டரின் அடிப்பாகம் எப்போதும் வேகும்.

இவ்வளவும் செய்து தீரவில்லையென்றால் இரண்டு வழி. டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பைப் போட்டால் பெட்ரோல் ஓரிடத்தில் நின்று வேகாமல் சுழன்றுகொண்டே இருக்கும், உருவான ஆவியும் டேங்குக்குப் போய்விடும். இன்னொன்று டேங்குக்குப் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப். உறிஞ்சுவதைவிடத் தள்ளுவது மேல், அதனால் பைப் முழுக்க அழுத்தத்தில் இருக்கும். ஆனால் கார்புரேட்டருக்கு ஏற்ற குறைந்த அழுத்தப் பம்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு வழியும். விபத்தில் தானாக நின்றுவிடும் ஸ்விட்ச் இல்லாமல் எலக்ட்ரிக் பம்ப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கவிழ்ந்த வண்டியில் சாவி ஆனில் இருந்தால் அது பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

பெட்ரோல் பைப்பில் துணி கிளிப் மாட்டினால் சரியாகும் என்கிறார்களே?

மரக் கிளிப் சூட்டைக் கடத்தாது, எனவே சூட்டை வெளியே எடுக்கவும் செய்யாது. ஈரத்துணியை பம்பின் மேல் சுற்றுவது உண்மையிலேயே வேலை செய்யும், தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகிறது. அதை ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்: பம்பை நனைத்த சில நிமிடங்களில் எடுத்தால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது.

சூட்டில் ஸ்பார்க் போய்விடுகிறது. காயிலா, கண்டென்சரா?

பலரும் முதலில் காயிலை வாங்குகிறார்கள். நான் முதலில் கண்டென்சரைப் பார்ப்பேன். சின்னது, மலிவானது, இப்போது விற்கும் புதியவற்றில் பல நம்பத் தகுந்தவையாக இல்லை. பழைய ஒரிஜினல் கண்டென்சர் நன்றாக இருக்கும்போதே "எதற்கும் இருக்கட்டும்" என்று புதியதை மாற்றி, அதிலிருந்து தொல்லை தொடங்கிய வண்டிகள் ஏராளம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, செல்ஃப் அடிக்கும்போது பாயிண்டை, அதாவது காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துச் சேர்க்கும் தொடுமுனைகளைப் பாருங்கள். லேசாக ஒரு சின்னப் பொறி இருக்கலாம். பெரிதாக, பளிச்சென்று எரிந்தால் கண்டென்சர் வேலை செய்யவில்லை. பாயிண்ட் முகம் கருகி ஒரு பக்கம் மேடும் மறு பக்கம் குழியுமாக இருப்பதும் அதையே சொல்லும். கண்டென்சர் உள்ளே எர்த் ஆகிவிட்டால் ஸ்பார்க் சுத்தமாக வராது.

காயிலை ஓம் மீட்டரில் அளந்து "சரியாக இருக்கிறது" என்று சொல்வதில் அதிகப் பொருள் இல்லை. உள்ளே சுற்றுகளுக்கு நடுவே இன்சுலேஷன் உடைவது ஆயிரக்கணக்கான வோல்ட்டில், அதுவும் சூட்டில். மீட்டர் கொடுப்பது சில வோல்ட். தெரிந்த நல்ல காயில் ஒன்றைக் கையில் வைத்திருந்து, எடுக்காத நேரத்தில் வயரை மாற்றிக் கொடுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

ஆனாலும் ஓம் மீட்டரால் ஒரு உபயோகம் உண்டு. 12 வோல்ட் வண்டிக் காயில்கள் பொதுவாக இரண்டு வகை: நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் சுமார் 3 ஓம் காயில், மின்சாரத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய சுமார் 1.5 ஓம் காயில். பேலஸ்ட் இல்லாத வண்டியில் 1.5 ஓம் காயிலை மாட்டினால் 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் போகும். காயில் கை வைக்க முடியாதபடி கொதிக்கும், பாயிண்டும் கருகும். சூட்டில் சாகும் காயில்களில் பலவற்றின் கதை இதுதான்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டாரையும் மறக்காதீர்கள். மூடியைக் கழற்றி, காயிலின் நடு வயரை இன்சுலேட்டட் பிளையரால் பிடித்து ரோட்டாரின் நடுவிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடித்தால், பொறி ரோட்டாரில் தாவக் கூடாது. தாவினால் அது ரோட்டாரைத் துளைத்துக்கொண்டு கீழே ஷாஃப்டில் எர்த் ஆகிறது.

வீட்டில் நிறுத்தியிருக்கும்போது இந்தக் கோளாறை வரவழைக்க முடியுமா?

முடியும், ஹேர் டிரையர் போதும். குளிர்ந்த இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, காயில், டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் உள்ள கண்டென்சர், மாட்யூல் என்று ஒவ்வொன்றாகச் சூடு காட்டுங்கள். தடுமாறி நின்றால் எதற்குக் காட்டிக்கொண்டிருந்தீர்களோ அதுதான். பெட்ரோல் இருக்கும் எந்த உறுப்பின் பக்கமும் டிரையரைக் கொண்டுபோகக் கூடாது.

எலக்ட்ரானிக் மாட்யூலில் இன்னொரு விஷயம்: அதன் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் பூசி மாட்ட வேண்டும். பூசாமல் மாட்டிய மாட்யூல் சீக்கிரமே சூட்டில் சாகும்.

செல்ஃப் அடிக்கும்போது எடுக்கிறது, சாவியை விட்டதும் நிற்கிறது.

பேலஸ்ட் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். செல்ஃப் அடிக்கும்போது அதைத் தாண்டிக் காயிலுக்கு நேரடியாக மின்சாரம் போகும், சாவியை விட்டால் பேலஸ்ட் வழியாகத்தான் போக வேண்டும்.

சூட்டில் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது. பேட்டரி புதிது.

செம்புக் கம்பி ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடுதல் தடை காட்டும். 20 டிகிரியில் இருந்த மோட்டார் 100 டிகிரிக்குப் போனால் தடை 30 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. எக்ஸாஸ்ட் பைப்புக்குப் பக்கத்தில் தொங்கும் மோட்டாருக்கு இது சாதாரணம். நல்ல கேபிளும் நல்ல எர்த்தும் உள்ள வண்டி இதைத் தாங்கிக்கொள்ளும். இணைப்புகளில் ஏற்கெனவே கோட்டைவிட்ட வண்டி தாங்காது.

அளந்தால் தெரிந்துவிடும். காயில் இணைப்பைக் கழற்றி வண்டி எடுக்காதபடி செய்துவிட்டு, செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும். பேட்டரி முனைகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கலாம். பேட்டரி எர்த் முனைக்கும் செல்ஃப் மோட்டார் உடம்புக்கும் நடுவே 0.2 வோல்ட் அளவுக்குள் இருக்க வேண்டும். மறுபுறம் பேட்டரி முனைக்கும் மோட்டார் டெர்மினலுக்கும் நடுவே அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் பாதையில் சொலினாய்டு (செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச்), கேபிள், டெர்மினல் என்று ஒவ்வொரு துண்டாக அளந்து வாருங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை பழைய வண்டிகளில் பெரும்பாலும் துருவில் முடிந்திருக்கும். சில பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், அங்கே மீட்டர் முனைகளை மாற்றிப் பிடியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால், மோட்டாரைக் கழற்றி, ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்தால் மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் காந்தத்தில் உரசும். ஸ்பார்க் டைமிங் அதிகமாக முன்னால் வைக்கப்பட்டிருந்தாலும் சூட்டில் இன்ஜின் எதிர்த்து உதைக்கும், செல்ஃப் திணறுவது போலத் தோன்றும்.

6 வோல்ட் வண்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை: அதே வேலைக்கு இருமடங்கு ஆம்பியர் வேண்டும், ஆகவே கேபிளும் தடிமனாக இருக்க வேண்டும். 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய கேபிளை மாட்டினால் குளிரில் சமாளிக்கும், சூட்டில் கைவிடும்.

சுற்றவே இல்லை, "டக்" என்று ஒரு சத்தம் மட்டும்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சத்தம். சாவி முன்னால், செல்ஃப் பின்னால். சொலினாய்டுக்குப் போகும் மின்சாரம் அவ்வளவு நீள வயரில், பழைய சாவி ஸ்விட்ச் வழியாகப் போய்ச் சேர வேண்டும். சூடான சொலினாய்டுக்கு வந்து சேர்வது போதாமல் போகிறது. செல்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு ரிலே போட்டு, சாவி வயரால் அந்த ரிலேயை மட்டும் இயக்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மற்ற வண்டிகளிலும் இதே வழி உதவும், ஆனால் முதலில் மேலே சொன்ன எர்த் சோதனையை முடித்துவிடுங்கள்.

ஸ்பார்க்கும் பெட்ரோலும் செல்ஃபும் நன்றாக இருக்கின்றன. இன்னும் என்ன?

டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி குறைவாக வைத்திருந்தால் சூட்டில் வால்வு நீண்டு, முழுக்க மூடாமல் நிற்கும். குளிரில் கம்ப்ரஷன் இருக்கும், சூட்டில் கசியும். இதைச் சூடான இன்ஜினில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால்தான் பார்க்க முடியும். எக்ஸாஸ்ட் வால்வு இப்படிக் கசிந்தபடி ஓடினால் எரிந்துபோகும், தள்ளிப்போட வேண்டாம்.

பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே கூத்து நடக்கும். அதில் வண்டி ஓடும்போதே நின்று, கொஞ்ச நேரம் கழித்து எடுக்கும். நின்றதும் மூடியைத் திறந்து காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

என் வண்டியில் கார்புரேட்டர் இல்லை, கே-ஜெட்ரானிக். அதிலும் இதே தொல்லை.

1970களிலும் 80களிலும் பல ஐரோப்பிய கார்களில் வந்த பாஷ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் அது. நிறுத்திய பிறகும் பைப்பில் அழுத்தம் இறங்காமல் இருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. அழுத்தம் இருந்தால் பெட்ரோல் சூட்டில் கொதிக்காது. பெட்ரோல் திரும்பாமல் தடுக்கும், பம்பிலுள்ள செக் வால்வோ, அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யூமுலேட்டரோ கசிந்தால் அழுத்தம் சில நிமிடத்தில் இறங்கி, பைப் முழுக்க ஆவியாகிவிடும். பிரஷர் கேஜ் மாட்டி, நிறுத்தியதிலிருந்து 20 நிமிடம் வரை முள் எப்படி இறங்குகிறது என்று பார்த்து, உங்கள் மாடலின் ஒர்க்ஷாப் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கேஜ் இல்லாமல் இந்த சிஸ்டத்தில் கை வைக்க வேண்டாம். பைப்பைக் கழற்றும் முன் அழுத்தத்தை இறக்கிவிட்டு, துணி சுற்றிக் கழற்றுங்கள்.